மொட்டை மாடிக்கு வெள்ளையா, சோலாரா?

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு. தரைத்தளத்தில் வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, 16 வீடு, ஒரு லிஃப்ட். நான் இருப்பது நான்காவது மாடி. மூன்று வருடமாகச் சங்கச் செயலாளர் வேலையும் என் தலையில்தான். மொட்டை மாடியை என்ன செய்யலாம் என்று பேச்சு எழுந்தபோது முதலில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். மறு வருடம் 5 கிலோவாட் சோலார் போட்டோம். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில் என் ஓட்டு சோலாருக்கு. மாடிக்குக் கீழேயே படுத்துத் தூங்குகிறவன் இப்படிச் சொல்வது வீட்டில் இருப்பவர்களுக்கே விளங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கட்டுக்கு எல்இடி, ஆள் வந்தால் எரியும் சென்சார், வீட்டுக்குள் பிஎல்டிசி ஃபேன் இதெல்லாம் ஒப்பீட்டில் சேராது. சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட்டில் சுற்றும். யோசிக்காமல் மாற்றிவிடலாம். சண்டை வருவது மொட்டை மாடியில்தான், ஏனென்றால் அது எல்லோருடைய இடம், யாருடைய இடமும் இல்லை.

முதலில் வெள்ளை. எங்கள் மாடியில் பழைய தட்டோடு. பகல் முழுக்கச் சூட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி அதைக் கீழே இறக்கும். மே மாதம் இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். வெள்ளைப் பூச்சு இந்தக் கணக்கை மேலேயே முடித்துவிடுகிறது. வெயிலில் பெரும்பகுதி உள்ளே இறங்காமலே திரும்பிப் போகிறது. சதுர அடிக்கு 25 ரூபாய் வீதம் 3,000 சதுர அடிக்கு 75,000 ரூபாய் ஆனது. தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, மூன்று கோட். அடித்த வாரத்தில் பகல் ஒரு மணிக்கு வெறுங்காலோடு மாடியைச் சுற்றி வந்தேன். முன்பெல்லாம் துணி எடுக்கப் போனாலே துள்ளிக் குதிக்க வேண்டும். அந்தக் கோடையில் ஏசியை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தள்ளித்தான் போட்டோம். தெலங்கானா 2023-இல் இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனையில் வீடு கட்டினால் இது கட்டாயம். காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. வெள்ளை வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழை விட்டபோது தண்ணீர் தேங்கும் மூலைகளில் பாசி, டேங்க் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடுகள், மற்ற இடமெல்லாம் பழுப்பு. வெள்ளை எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு வெயிலை மாடி மறுபடி குடிக்கும். பங்குனிக்குள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலை என்று போட்டேன். பதினாறு வீட்டில் வந்தது மூன்று பேர், மூவருமே நான்காவது மாடி. முதல் மாடி மாமி அன்பாகத்தான் கேட்டார்: “எங்க வீட்டு சீலிங் என்னைக்குமே சுடலையே ஸார், நாங்க ஏன் தேய்க்கணும்?” பதில் இல்லை. வெள்ளையால் லாபம் மேல் மாடி நான்கு வீட்டுக்கு, செலவோ பதினாறுக்கும்.

சோலார் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 2022-இல் குடியிருப்புகளின் பொது மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது, யூனிட்டுக்கு 8 ரூபாய். வீட்டு மீட்டருக்கு இருக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. அடுத்த வருடம் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்களிடம் லிஃப்ட் இருக்கிறது, அதனால் 8 ரூபாய்க்கு மேல்தான். லிஃப்ட், சம்ப் மோட்டார், விளக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 1,250 யூனிட், பில் பத்தாயிரத்துச் சொச்சம்.

ஒரு கிலோவாட் சோலார் பலகைக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் தரும். துணி காயப் போடவும் வடாம் பிழியவும் இடம் போய்விடக் கூடாது என்று பெண்கள் கறாராகச் சொன்னதால், ஆள் நடக்கிற உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி அதன்மேல் பலகை வைத்தோம். மொத்தம் 3,40,000 ரூபாய். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். எங்களுக்கு 90,000 வந்தது. (விற்க வருகிறவர்கள் 78,000 என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அது தனி வீட்டுக்கான உச்சவரம்பு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இப்போது பில் மூவாயிரத்தைத் தாண்டுவதில்லை. போட்ட பணம் நாலு வருடத்தில் திரும்பும் என்றார் பலகை போட்டவர். நிலைக்கட்டணம், மழை மாதம், ராத்திரி ஓடும் லிஃப்ட் இதையெல்லாம் அவர் சேர்க்கவில்லை. என் கணக்கில் ஆறு வருடம். மோட்டாரைக் காலை பதினொன்றுக்கு மேல்தான் போட வேண்டும் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்லிவைத்ததே பெரிய உதவி.

இவ்வளவு லாபம் பேசினாலும், நான் சோலார் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பில் இல்லை, பராமரிப்பு. சோலாருக்கும் கழுவல் உண்டு, சொல்லப்போனால் வெள்ளையைவிட அடிக்கடி. எதிர்வீட்டு வேப்பமரத்துக் காக்கைகளுக்கு எங்கள் பலகைதான் வழியில் தங்குமிடம். ஆனால் இங்கே அழுக்கு எண்ணாகத் தெரிகிறது. பலகை தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரோடு வந்த ஆப் எட்டு பேர் போனில் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 21 யூனிட் காட்ட வேண்டியது 17 காட்டினால் சாயங்காலத்துக்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் அந்த முதல் மாடி மாமிதான்: “செக்ரட்டரி ஸார், இன்னைக்கு என்ன பதினேழு?” மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் குறைந்திருப்பது அவருக்கும் சேர்த்துத்தானே. வெள்ளை மங்கினால் இப்படிச் சொல்ல எந்த மீட்டரும் கிடையாது. என் படுக்கையறை சீலிங் மட்டும்தான் சொல்லும், அது வாட்ஸ்அப்பில் இல்லை.

கழுவுவதிலும் ஒரு பாடம் படித்தோம். முதல் மாதம் போர்வெல் தண்ணீரை அடித்தார்கள். மறுநாள் கண்ணாடி முழுக்க உப்புத் திட்டு, குளியலறைக் குழாயில் படியுமே அதே வெள்ளை. வினிகர் கலந்து துடைத்து எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது மெட்ரோ குடிநீர் இரண்டு குடம், நீளக் கம்பில் மெத்தென்ற துடைப்பான், சனிக்கிழமை காலை ஆறரைக்கு, கண்ணாடி சூடேறும் முன்னால். வாட்ச்மேன் அண்ணனுக்கு மாதம் 600 ரூபாய் கூடுதல்.

குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பலகை மின்சாரம் வெளியே போய் லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. “தலைக்கு மேல வெயில் அடிக்குது, லிஃப்ட் ஏன் ஸார் ஓடல?” என்று முதல் வாரமே கேட்டுவிட்டார்கள். இதைக் கையெழுத்துக்கு முன்பே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம் தண்ணீர் டேங்க் நிழல். ஒரு பலகையில் விழுந்தாலும் அதோடு கோத்திருக்கும் வரிசை முழுவதன் உற்பத்தியும் சரியும். முதலில் வந்த வரைபடத்தில் இரண்டு பலகை டேங்குக்கு வடக்கே ஒட்டி இருந்தன. மார்கழி வெயிலில் மாலை நாலு மணிக்கு மாடியில் போய் நின்று பார்த்துத்தான் இடம் மாற்றச் சொன்னோம். சட்டம் ஊன்றும் முன்பே மாடியில் ஒழுகல் இருந்தால் பார்த்துவிட வேண்டும், பிறகு தட்டோட்டை எடுப்பது பெரும்பாடு.

எனக்கு அனுபவம் போதாத இடங்களும் உண்டு. எங்கள் பலகை பார்த்தது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்து மரங்கள் என்ன ஆயின என்று நினைவிருக்கிறவனுக்கு, உயர்த்திய சட்டத்தின்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. கட்டடப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கித்தான் வைத்தோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். இன்வெர்ட்டர் பத்து வருடம் வருமா என்பதும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

வெள்ளை யாருக்குச் சரி? லிஃப்ட் இல்லாத ஆறு வீட்டுக் கட்டடம், பொது மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணம், பக்கத்தில் உயரமான கட்டடம் நின்று பாதி நாள் நிழல் என்றால் சோலார் கணக்கு உதைக்கும். அங்கே வெள்ளைதான். மேல் மாடிக்காரர்கள் தேய்க்கும் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டால் சண்டையும் வராது.

எங்கள் மாடியில் பலகையின் நிழல் விழும் 500 சதுர அடி இப்போது வெள்ளை இல்லாமலே குளிர்ந்து கிடக்கிறது. அது என் வீட்டுக்கு மேல் இல்லை, இதே நான்காவது மாடியில் எனக்கு எதிரே இருப்பவர் கூடத்துக்கு மேல். மாசியில் என் தலைக்கு மேலிருக்கும் பகுதிக்கு மட்டும் சொந்தச் செலவில் மறுபடி வெள்ளை அடிக்கப் போகிறேன். தேய்ப்பதற்குக் கம்பி பிரஷ்ஷும் வாங்கிவைத்தாயிற்று.