பொறியியல் பட்டம்: தாய் வளாகமா, கடல் கடந்த கிளை வளாகமா?

ஒரே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டத்தை அதன் தாய் வளாகத்திலும் படிக்கலாம், வேறொரு நாட்டில் அது நடத்தும் கிளை வளாகத்திலும் படிக்கலாம் என்ற நிலை இன்று பரவலாகிவிட்டது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களான மொனாஷ் 1998இல் மலேசியாவின் பண்டார் சன்வேயிலும், கர்ட்டின் 1999இல் அதே நாட்டின் சரவாக் மாநிலத்து மிரியிலும், பிரிட்டனின் நாட்டிங்ஹாம் 2000இல் கோலாலம்பூரிலும், அதே ஆண்டில் இந்தியாவின் பிட்ஸ் பிலானி துபாயிலும் கிளை தொடங்கின. சான்றிதழில் அச்சாகும் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால், பொறியாளராகப் பதிவுபெற்றுத் தொழில் செய்யப் போகிறவருக்கு அந்தப் பெயர் மட்டும் போதாது என்பதால், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

செலவில் கிளை வளாகமே பொதுவாக முன்னிற்கிறது. கட்டணத்தை விடவும் தங்குமிடம், உணவு ஆகிய வாழ்க்கைச் செலவில்தான் வேறுபாடு பெரிதாகத் தெரியும். இதில் விவாதிக்க அதிகமில்லை.

உண்மையான வேறுபாடு தொழில்முறை அங்கீகாரத்தில் இருக்கிறது. 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின்படி, கையொப்பமிட்ட ஒரு நாட்டின் அங்கீகார அமைப்பு ஏற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் இணையானதாகக் கருதுகின்றன. பலர் கவனிக்கத் தவறும் நிபந்தனை ஒன்று இதில் உண்டு: ஓர் அமைப்பு தன் நாட்டு எல்லைக்குள் வழங்கும் அங்கீகாரத்தை மட்டுமே இந்த உடன்படிக்கை தாங்குகிறது. கத்தாரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் படிப்புகளுக்கு அமெரிக்க அங்கீகார அமைப்பான ஏபெட்டின் அங்கீகாரம் உண்டு. அதற்கு மதிப்பும் உண்டு. ஆயினும் கத்தார் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு என்பதால், அந்தப் பட்டதாரி மூன்றாவது நாடு ஒன்றில் பதிவு கோரும்போது உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்ட இயலாது. மலேசியாவோ 2009இல் முழு உறுப்பினரானது. மொனாஷ், கர்ட்டின் ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் அந்நாட்டுப் பொறியியல் அங்கீகார மன்றத்திடமும், ஆஸ்திரேலியாவின் பொறியாளர் அமைப்பிடமும் அங்கீகாரம் பெற்றுள்ளன. இந்த இரட்டை அங்கீகாரமே அவற்றின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுகிறேன்.

அங்கீகாரப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் விளங்கும். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக வழங்கப்படுவதில்லை. பாடப்பிரிவு, வளாகம், ஆண்டு என்று பிரித்தே எழுதப்படுகிறது. தாய் வளாகத்தின் இயந்திரப் பொறியியல் அந்தப் பட்டியலில் இருப்பதால் கிளையின் இயந்திரப் பொறியியலும் இருக்கும் என்று கொள்ள முடியாது. புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு முதல் மாணவர் அணி படித்து முடிக்கும் வரை முழு அங்கீகாரம் கிடைப்பது அரிது; ஆகவே முதல் ஆண்டிலேயே சேர்பவர் அந்த அபாயத்தைத் தாமே சுமக்கிறார்.

ஆய்வகத்தைப் பொறுத்தவரை, தாய் வளாகம்தான் எப்போதும் சிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எஃகுத் துண்டு ஒன்றை இழுவிசைச் சோதனைக் கருவியின் பிடிகளுக்கு நடுவே பொருத்தி, வேகத்தைத் தானே அமைத்து, துண்டு நடுவில் மெலிந்து அறுபடும் கணம் வரை வரைபடத்தைக் கண்காணிக்கும் மாணவர் பொருளின் இயல்பைக் கற்கிறார். ஐந்தாறு பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர் அறிக்கை எழுத மட்டுமே கற்கிறார். மாணவர் எண்ணிக்கை குறைவான கிளையில் முதல் வாய்ப்பு எளிதாகக் கிடைக்கக்கூடும். இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தில்தான் நிலைமை மாறுகிறது. அங்கே வழிகாட்டியின் சொந்த ஆராய்ச்சியும், முனைவர் பட்ட மாணவர்களின் துணையும், விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்படும் என்பதால், ஆராய்ச்சி வேரூன்றாத கிளையைக் காட்டிலும் தாய் வளாகமே பல மடங்கு மேல்.

படித்த பின் கிடைக்கும் வேலை அனுமதியும் வளாகத்தைப் பொறுத்தது. பட்டதாரிகளுக்கான விசாவுக்கு ஆஸ்திரேலியா இரண்டு கல்வியாண்டுகள் தன் மண்ணில் படித்திருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டன், ஓராண்டைத் தாண்டும் படிப்புகளுக்குக் குறைந்தது 12 மாதங்களை எதிர்பார்க்கிறது. கிளையில் தொடங்கித் தாய் வளாகத்தில் முடிக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் இதைக் கணக்கிட்டே மாற வேண்டும். கடைசி ஓராண்டுக்கு மட்டும் ஆஸ்திரேலியா செல்பவருக்கு அந்த விசா கிடைக்காது.

வளாகம் நிலைத்திருக்குமா என்ற கேள்வியில் கிளை பின்தங்குகிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் 2007இல் தொடங்கிய வளாகம், எதிர்பார்த்த அளவுக்கு மாணவர் சேராததால், ஒரே பருவத்துடன் மூடப்பட்டது. 2003இல் தொடங்கி, கத்தார் அறக்கட்டளையின் நிதியில் இயங்கிவந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் கிளையை 2028க்குள் மூடுவதென அதன் ஆட்சிமன்றம் 2024 பிப்ரவரியில் வாக்களித்தது. முன்னதை வீழ்த்தியது மாணவர் பற்றாக்குறை. பின்னதிலோ நிதி இருந்தும், முடிவு மாணவர்கள் இருந்த நாட்டுக்கு வெளியே எடுக்கப்பட்டது.

ஆகவே, ஆராய்ச்சியையோ தாய் நாட்டில் வேலையையோ குறிவைப்பவர் செலவு தாங்குமானால் தாய் வளாகத்துக்கே செல்லட்டும். கிளை இருக்கும் நாட்டிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் பணியாற்ற விரும்புபவருக்கு, இரட்டை அங்கீகாரமும் பல அணிகளை அனுப்பிய வரலாறும் கொண்ட கிளை முழுமையான தேர்வு; அதை இரண்டாந்தரமாக எண்ணத் தேவையில்லை. இந்த இரண்டும் இல்லாத புதிய கிளையில் சேர நினைப்பவர், வளாகம் மூடப்பட்டால் படிப்பை எங்கே, எந்தக் கட்டணத்தில் முடித்துத் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் பெற வேண்டும்.