ஏபிஐயா, விரல் அழுத்தமா, டாப்ளர் ஸ்கேனா: கால் ரத்த ஓட்டத்துக்கு எதை எடுப்பது?

கால் புண் மாசக்கணக்கில் ஆறவில்லை, அல்லது கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று டாக்டரிடம் போனால் "ஒரு டாப்ளர் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். போய் விசாரித்தால் ஏபிஐ (கணுக்கால் அழுத்த விகிதம்), டிபிஐ (கால் விரல் அழுத்த விகிதம்), ஆர்ட்டீரியல் டாப்ளர் (ரத்தக் குழாய் ஸ்கேன்) என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கட்டணமும் வேறு வேறாக இருக்கும். எதிலும் ஊசி கிடையாது, சாயம் கிடையாது, அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கணுக்கால் அழுத்தத்தை மட்டும் பார்த்து "ரத்த ஓட்டம் நார்மல்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், கால் விரல் அழுத்தத்தையும் கேளுங்கள்.

ஏபிஐ என்பது கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பது, அவ்வளவுதான். பத்து நிமிஷம் படுக்க வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றி, ஜெல் தடவி, பேனா அளவு டாப்ளர் கருவியைப் பாதத்தின் மேல்பக்கம் ஒரு இடத்திலும் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு இடத்திலும் வைப்பார்கள். 'உஷ் உஷ்' என்று நாடிச் சத்தம் கேட்கும். சத்தம் நிற்கும்வரை காற்றடித்து, மெல்ல இறக்கி, சத்தம் திரும்பி வரும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். வலது கை 140, இடது கை 132, ஒரு காலில் 98 என்றால் இரண்டு கையில் கூடுதலாக உள்ள 140-ஆல் 98-ஐ வகுத்து 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு நோய், 1.00 முதல் 1.40 வரை நார்மல், இடைப்பட்டது எல்லைக்கோடு. ஒரு கையில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால் "இன்னொரு கையும் பாருங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் கைக்குப் போகிற குழாயிலேயே அடைப்பு இருந்தால் அந்தக் கையின் அழுத்தம் குறைவாகத் தெரியும், அதை வைத்து வகுத்தால் கெட்டுப்போன காலும் நல்ல காலாகிவிடும்.

மலிவு, சீக்கிரம் முடியும், பெரிய மெஷின் வேண்டாம். புகைபிடிக்கிறவர், கொலஸ்ட்ரால் உள்ளவர், அறுபத்தைந்து தாண்டியவர் என்று முதல் சல்லடையாக இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. முகாம்களில் நாலு பட்டையும் ஒரே நேரத்தில் கட்டித் தானாக எண் தருகிற மெஷின் வைத்திருப்பார்கள், அது வேறு ரகம். அழுத்தம் ரொம்ப இறங்கிப்போன காலில் அது எரர் காட்டும், இல்லாவிட்டால் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். எரர் வந்தால் மெஷின் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல் கையால் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி சிக்கலுக்கு வருவோம். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் நாள்பட்டால் ரத்தக் குழாயின் நடுச்சுவரில் கால்சியம் படிந்து குழாய் இரும்பு பைப் மாதிரி விறைத்துவிடுகிறது. பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் நசுங்காது. கை 150, கணுக்கால் 225 என்று வரும், ஏபிஐ 1.5. பார்க்கிறவர் "ஓட்டம் அமோகமா இருக்கே" என்று நினைக்கலாம், ஆனால் 1.40-க்கு மேல் போனாலே அந்த எண் செல்லாது. அதைவிட மோசம், உள்ளே அடைப்பால் குறைந்த அழுத்தமும் விறைப்பால் கூடிய அளவும் ஒன்றையொன்று சரிக்கட்டி 1.1 என்று அழகாக வந்து நிற்பது. சந்தேகமே வராது, புண் மட்டும் ஆறாது.

விரல் அழுத்தம் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. விரலுக்குப் போகும் சிறிய குழாய்களில் இந்தக் கால்சியம் அவ்வளவாகப் படிவதில்லை. கட்டை விரலில் குட்டிப் பட்டை சுற்றி, நுனியில் ஒளி சென்சார் வைத்து அளப்பார்கள். அதே ஆளுக்கு விரலில் 60 வந்தால் 60-ஐ 150-ஆல் வகுத்து 0.40, இதுதான் டிபிஐ. 0.70-க்குக் கீழே போனாலே கோளாறு என்பதால் கணுக்கால் மறைத்ததை விரல் போட்டுக் கொடுத்துவிடுகிறது. விகிதத்தை விடுங்கள், விரல் அழுத்தமே 30-க்குக் கீழே இருந்தால் அந்தப் புண் தானாக ஆறும் வாய்ப்பு குறைவு, ரத்தக் குழாய் அறுவை நிபுணரை உடனே பார்த்தாக வேண்டும். குறை இல்லாமல் இல்லை. ஏசி அறையில் பாதம் சில்லிட்டிருந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும் (பத்து நிமிஷம் போர்வை போர்த்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்), கட்டை விரலை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கோ அதிலேயே புண் இருப்பவர்களுக்கோ சிரமம், எல்லா ஊரிலும் கருவியும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கணுக்காலில் கேட்கும் டாப்ளர் அலையின் வடிவத்தையாவது பார்க்க வேண்டும். நல்ல குழாயில் அலை மூன்று கட்டமாக ஏறி இறங்கும், மேலே அடைப்பு இருந்தால் ஒரே கட்டமாக மழுங்கிவிடும்.

அப்புறம் டூப்ளெக்ஸ், முதலில் சொன்ன ஆர்ட்டீரியல் டாப்ளர் இதுதான், நம் ஊரில் "கலர் டாப்ளர்". படமும் ரத்த வேகமும் சேர்ந்து வரும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தடவிக்கொண்டே போவார்கள், இரண்டு காலுக்கும் பொறுமையாகப் பார்த்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு இடத்தில் வேகம் அதற்குச் சற்று முன்னால் இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆனால் அங்கே பாதிக்குமேல் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று சொல்வதில் இதற்குப் போட்டியே இல்லை. சாயம் ஏற்றாததால் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு (சிறுநீரகம் பழுதானவர்களுக்கு) சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்கு முன்னால் இதுதான் வசதி. ஆனால் எடுக்கிறவர் கைத்திறமையைப் பொறுத்தே எல்லாம். வயிற்றில் வாயு இருந்தால் இடுப்புக் குழாய் தெரியாது, கெண்டைக்காலில் கால்சியம் இருந்தால் நிழல் விழுந்து படம் மறைந்துவிடும். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும் என்பதால் நினைத்த முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. (கால் ஸ்கேனுக்குப் போனாலும் சுவரில் அந்த அறிவிப்புப் பலகைதான் வரவேற்கும்.)

எனக்கு உறுத்துவது, புண்ணோடு வருகிறவரை நேராக இதற்கு அனுப்பிவிட்டு, "குழாய்ச் சுவரில் பரவலான படிவு" என்று மூன்று பக்க ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, விரலுக்கு எவ்வளவு அழுத்தம் போகிறது என்பதைக் கடைசிவரை அளக்காமலே விடுவது. பலூன் வைப்பதா, பைபாஸ் செய்வதா என்று யோசிக்கும்போது இந்த வரைபடம் அவசியம்தான். புண் ஆறுமா என்ற கேள்விக்கு விரல் அழுத்தம்தான் நேரான பதில்.

புண் இல்லை, நடந்தால் மட்டும் வலி, ஏபிஐயும் நார்மல் என்றால் நடக்கவைத்து மறுபடி ஏபிஐ எடுக்கச் சொல்லுங்கள். டிரெட்மில்லில் சாய்வு வைத்து ஐந்து நிமிஷம்வரை நடத்துவார்கள், முடியாதவர்களைக் குதிகால் தூக்கி இறக்கச் சொல்வார்கள். நின்றவுடன் கணுக்கால் அழுத்தம் 30-க்குமேல் விழுந்தால் அடைப்பு இருக்கிறது.

திடீரென்று கால் வெளுத்து, ஜில்லிட்டு, தாங்க முடியாத வலியோ மரத்துப்போவதோ வந்தால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். ஸ்கேன் சென்டர் வரிசையில் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சில மணி நேரத்தில் கால் போய்விடும்.

பில் போடும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெரிகோஸுக்கும் ரத்தக்கட்டிக்கும் எடுப்பது வீனஸ் டாப்ளர், அடைப்புக்கு எடுப்பது ஆர்ட்டீரியல் டாப்ளர். சீட்டில் வெறும் "கால் டாப்ளர்" என்று எழுதியிருந்தால் எது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.