ஸ்லைடு காட்ட எது தோது: பவர்பாயிண்டா, ஓப்சிடியனா, டிட்லிவிக்கியா?

குடும்ப வரலாற்றுக் குறிப்புகளை டிட்லிவிக்கியில் வைத்திருக்கிறேன். பிரவுசரில் திறக்கும், ஒரே கோப்பாக இருக்கும் குறிப்பேட்டு மென்பொருள் அது. அவற்றை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கூடங்களில் புரொஜெக்டரில் காட்டிப் பேச வேண்டியிருந்தது. மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு, டிட்லிவிக்கிக்குள்ளேயே முழுத்திரை ஸ்லைடு முறை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். இதே வேலை உள்ளவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

பவர்பாயிண்ட் எல்லாருக்கும் தெரிந்தது. கூடத்து லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்கும், படங்கள் அழகாக உட்காரும். ஒரே ஒரு முறை பேசப் போகிறீர்கள் என்றால் அதிலேயே செய்துவிடுங்கள்.

ஓப்சிடியன் இன்னொரு குறிப்பேட்டு மென்பொருள். அதில் ஸ்லைடு வசதி உள்ளேயே இருக்கிறது. குறிப்பின் நடுவே மூன்று சிறுகோடு போட்டால் அடுத்த ஸ்லைடு. ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். குறிப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் நாளைக்கு வேறு எந்த மென்பொருளிலும் திறக்கும். இந்த ஒரு விஷயத்தில் டிட்லிவிக்கியைவிட அது மேல். நான் அதில் கொஞ்ச நாள்தான் இருந்தேன், ஆகவே அதன் கூடுதல் பிளகின்களைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது தொடங்கி, 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 1,52,184 பேர். என் குறிப்புகள் இவர்களைப் பற்றித்தான். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், வயது, ஜில்லா, கிராமம். பெயர்களும் ஊர்களும் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி. ஜில்லா வடஆர்க்காடு என்று இருந்தால் அது வேலூர்ப் பக்கமாகவும் இருக்கலாம், சித்தூர்ப் பக்கமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே ஜில்லா. கூடத்தில் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "இல்லம்மா, எங்க தாத்தா ஊரு சித்தூருக்கு அந்தாண்ட" என்பார். உடனே குறிப்பைத் திருத்த வேண்டும். ஸ்லைடு தனிக் கோப்பாக இருந்தால் அங்கேயும் திருத்த வேண்டும், பழைய பேச்சுக்குச் செய்த இன்னொரு கோப்பிலும் திருத்த வேண்டும். ஓப்சிடியனில் குறிப்பே ஸ்லைடுதான். ஆனால் ஒரு பேச்சின் ஸ்லைடுகள் எல்லாம் ஒரே குறிப்பில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. என்னிடம் ஆளுக்கொரு குறிப்பு, கப்பலுக்கொரு குறிப்பு, தோட்டத்துக்கொரு குறிப்பு என்று சிதறிக் கிடக்கிறது. ஒரே ஆள் மூன்று பேச்சுகளில் வருவார். அவரை மூன்று இடத்தில் எழுதி வைக்க எனக்கு மனசில்லை.

ஜெரெமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்ட டிட்லிவிக்கி இந்தச் சிதறலுக்கென்றே செய்தது போன்றது. டிட்லர்கள் எனப்படும் சிறுசிறு குறிப்புகள்தான் அடிப்படை. பேச்சுக்கு ஒரு டேக், அதாவது அடையாளச் சொல். எந்தெந்த டிட்லருக்கு அந்த டேக் உண்டோ, அவையெல்லாம் ஸ்லைடுகள். டேக்கைத் திறந்து இழுத்து வைத்தால் வரிசை மாறும். டிட்லரை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பேச்சிலும் திருந்திவிடும்.

கட்டுவதும் பெரிய வித்தை இல்லை. டிட்லிவிக்கியின் 5.1.23 பதிப்பிலிருந்து தனி லேஅவுட், அதாவது பக்க அமைப்பு, வைத்துக்கொள்ளலாம். இப்போது எந்த ஸ்லைடு என்பதை ஒரு டிட்லரில் வைத்து, அதை மட்டும் திரை நிறையக் காட்டும் லேஅவுட் ஒன்றை எழுதுங்கள். டிட்லிவிக்கியோடு வரும் மூலப் பக்க வார்ப்பில் (டெம்ப்ளேட்) கை வைக்காதீர்கள். அதை மாற்றினால் அடுத்த பதிப்புக்கு ஏறும்போது உங்கள் பழைய பிரதி புதியதை மறைத்துக்கொண்டு நிற்கும். தனி லேஅவுட் என்றால் உங்கள் டிட்லர்கள் அப்படியே இருக்கும்.

விசைகளில்தான் நேரம் போகும். விசை அமுக்குவதைக் கவனிக்கும் கீபோர்டு விட்ஜெட் என்ற உறுப்புக்குள் எல்லாவற்றையும் போட்டால், அதற்குள் ஃபோகஸ் இருக்கும்வரைதான் அம்பு விசை வேலை செய்யும். வேறெங்காவது கிளிக் ஆனால் போச்சு. விக்கி முழுவதற்குமான குறுக்குவிசையாக வையுங்கள், ஸ்லைடு முறையில் இருக்கும்போது மட்டும் செயல்படும் என்ற நிபந்தனையோடு. அப்புறம், கையில் பிடித்து அமுக்கும் கிளிக்கர்கள் பெரும்பாலும் அனுப்புவது அம்பு விசையை அல்ல, பேஜ் அப், பேஜ் டவுன். அவற்றையும் சேர்த்துவிடுங்கள். முழுத்திரைக்குப் போக ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும், ஆள் அமுக்காமல் பிரவுசர் அனுமதிக்காது. எஸ்கேப் அடித்தால் முழுத்திரை மட்டும்தான் போகும், ஸ்லைடு முறை போகாது. மூலையில் வெளியேறும் பட்டன் ஒன்று இருக்கட்டும்.

தமிழுக்கென்று இரண்டு வேலை உண்டு. ஆங்கிலத் தலைப்புக்குப் போடும் நெருக்கமான வரி இடைவெளியில், மேல்வரியின் 'ளூ' கீழ்வரியின் 'கீ' மேல் இடிக்கும்; எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். இன்னொன்று எழுத்துரு. கூடத்து லேப்டாப்பில் என்ன இருக்கும் என்று நம்ப முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நடைத்தாள் (ஸ்டைல்ஷீட்) டிட்லருக்குள்ளேயே பதித்துவிட்டால் கோப்போடு கூடவே வரும். கையில் ஒரு யூஎஸ்பி, அங்கே ஒரு பிரவுசர், அவ்வளவுதான் தேவை. எதையும் நிறுவ வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டில் வைஃபை போன நேரத்திலும் இது ஓடும்.

குறை இல்லாமலில்லை. பிரவுசரில் சேமித்தால் இயல்பாக ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி டவுன்லோடு ஆகும். சேமிப்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் எது கடைசிப் பிரதி என்று குழம்புவீர்கள். படங்களை உள்ளே பதித்தால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிக் கோப்பு கனத்துவிடும். என் பேச்சுகளில் எழுத்துதான் அதிகம், பழைய போட்டோ ஒன்றிரண்டு. ஆல்பம் ஆல்பமாகக் காட்டுகிறவர்களுக்கு இது தாங்குமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து இணைப்பு கொடுத்துப் பார்க்கலாம், யூஎஸ்பியில் அந்த ஃபோல்டரும் கூட வர வேண்டும்.