காந்தமா, மின்சாரமா, ஈர்ப்பா: நிலத்தடி ஆய்வில் எதை முதலில் பழகுவது?

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் வசிக்கும் தமிழ்ப் பையன் ஒருவர், நிலவியலில் (பாறை, மண் பற்றிய படிப்பில்) பட்டம் பெற்ற கையோடு, "அண்ணா, கருவி பிடித்து வேலை பழக எந்த முறையில் தொடங்கலாம்?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

விரைவில் கைவருவது காந்த முறைதான். புவியின் காந்தப்புலத்தை அளக்கும் புரோட்டான் காந்தமானியைச் சுமந்தபடி ஒருவரே நடந்து, ஒரே நாளில் பல கிலோமீட்டர் அளந்துவிடலாம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் கரூ நிலப்பரப்பில் ஊடுருவிய டோலரைட் டைக்குகள் (உருகிய பாறைக் குழம்பு விரிசல்களில் புகுந்து இறுகிய சுவர் போன்ற பாறைகள்) இதில் தெளிவாகத் தெரியும். அவற்றின் ஓரத்தில் வெந்து விரிசல் விட்ட பாறையில்தான் பண்ணைக்காரர்கள் போர்வெல் போடுகிறார்கள். 1930-இல் இதே முறையால் தங்கம் தேடிய ஜெர்மன் ஆய்வாளர் ருடால்ஃப் கிராமன் தங்கத்தை நேராக அளக்கவில்லை. தங்கப் படிவுக்குக் கீழே கிடக்கும் காந்தத்தன்மை கொண்ட களிப்பாறையை அளந்தே, டோலமைட்டுக்கு (நீரில் மெல்லக் கரையும் சுண்ணாம்பு வகைப் பாறைக்கு) அடியில் மறைந்திருந்த மேற்கு விட்ஸ் என்னும் தங்கப் படிவுத் தொடரைக் கண்டறிந்தார். ஆனால் டைக் இருக்கும் இடத்தைக் காட்டும் இக்கருவி, அங்கே தண்ணீர் உண்டா என்று சொல்லாது. கம்பி வேலிக்கு அருகில் போனால் அளவு தாறுமாறாக ஏறும். முதல் வேலையில் அப்படி ஒரு வேலியை நானே டைக் என்று குறித்து வைத்தேன்.

மின்தடை முறையில் தரையில் நான்கு முனைகளை அறைந்து, வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறோம். வென்னர் அமைப்பில் இடைவெளிகள் சமம் என்பதால் கணக்கு எளிது. ஆயினும் ஒவ்வோர் அளவுக்கும் நான்கையும் பிடுங்கி நட வேண்டும். ஷ்லம்பெர்ஜர் அமைப்பில் பெரும்பாலும் வெளி முனைகளை மட்டும் நகர்த்தினால் போதும் என்பதால், ஆள்பலம் குறைந்த குழுவுக்கு அதுவே உகந்தது. குளிர்காலத்தில் காய்ந்து கிடக்கும் ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய மேட்டுநிலம்) மண்ணில் முனையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்னோட்டம் இறங்காது. 30 மீட்டர் ஆழத்தில், கெட்டிப் பாறைகளுக்கு நடுவே 10 ஓம்-மீட்டர் மின்தடை எண் கொண்ட 2 மீட்டர் களிமண்ணும், 20 ஓம்-மீட்டர் கொண்ட 4 மீட்டர் களிமண்ணும் ஏறக்குறைய ஒரே வளைவரையைத் (முனை இடைவெளிக்கு ஏற்ப மின்தடை மாறுவதைக் காட்டும் கோடு) தரும். இரண்டில் எது உண்மை என்பதைப் பக்கத்துக் கிணற்றின் துளைப் பதிவுதான் (துளையிட்டபோது எந்த ஆழத்தில் எந்த மண், பாறை வந்தது என்ற குறிப்பு) தீர்க்கும். தரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தும் என்பதை இவ்வளவு சீக்கிரம் முகத்தில் அடித்தாற்போல் உணர்த்தும் முறை வேறில்லை.

ஈர்ப்பு முறை ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில் சோறு போடும் முறை. நிலத்தடி நீரை இறைத்து வற்றவைத்த டோலமைட் நிலம் எப்படி உள்வாங்கும் என்பதற்கு 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபொன்டெய்ன் சுரங்கத்தில் 29 உயிர்களைப் பலிகொண்ட பள்ளமே சாட்சி. கெட்டி டோலமைட்டுக்கும் அதன் மேல் படிந்த மக்கிய மண்ணுக்கும் அடர்த்தி வேறுபாடு பெரிது. அது புவியீர்ப்பில் நுண்ணிய மாற்றமாகத் தெரியும்; ஆகவே வீடு கட்டுவதற்கு முன் ஈர்ப்பு அளவெடுக்கிறார்கள். அளக்கும் இடத்தின் உயரத்துக்கான திருத்தத்தையும் அந்த உயரத்தில் அடங்கிய பாறைக்கான திருத்தத்தையும் சேர்த்தால் மீட்டருக்குச் சுமார் 0.2 மில்லிகேல் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) வரும்; எனவே உயரத்தில் 5 சென்டிமீட்டர் பிழைத்தாலே 0.01 மில்லிகேல் பிழைக்கும். மட்டம் பார்க்கத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த ஈர்ப்புமானியால் பயனில்லை.

சுத்தியல் அடித்து அலை அளக்கும் அலைவிலகல் வகை நில அதிர்வு முறை அடித்தளப் பாறையின் ஆழத்துக்கு நல்லது. வேகம் கூடிய அடுக்கின் கீழ் வேகம் குறைந்த அடுக்கு ஒளிந்திருந்தால் ஏமாற்றிவிடும்.

என் தேர்வு மின்தடை முறையே. ஆறு மாதம் வளைவரையை மடக்கைத் தாளில் கையால் வரைந்து, துளைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்; காந்தமானி ஒரு வாரத்தில் கைவந்துவிடும், ஈர்ப்புமானியை மட்டக் கருவி பழகிய பிறகு தொடலாம்.