நுரையீரல் பயாப்ஸி: சி.டி. ஊசியா, எபஸ் முறையா? நீலகிரி நோயாளிகளுக்கு எது ஏற்றது

நுரையீரலில் சந்தேகத்துக்குரிய கட்டி ஒன்று ஸ்கேனில் தெரிந்தால், அது புற்றுநோயா, காசநோயா, ஆறிப்போன பழைய தழும்பா என்பதைப் படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய இயலாது; சதை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும். இதற்காக உதகை, குன்னூர், கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்குபவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. இரண்டிலும் ஊசிக்கு வழிகாட்டுவது படம்தான் என்றாலும், அந்தப் படம் காட்டுவதும் ஊசி செல்லும் பாதையும் வேறு.

சி.டி. வழிகாட்டும் முறையில் நோயாளி ஸ்கேன் மேசையில் அசையாமல் படுத்திருக்க, ஊசி விலா எலும்புகளுக்கு இடையே சிறிது சிறிதாக நுழைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் படம் எடுத்து, முனை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டிக்கு இதைவிட நேரான வழி கிடையாது. கட்டி ஆழத்தில் இருந்தாலோ, புகைபிடித்து நுரையீரல் பழுதடைந்திருந்தாலோ, ஊசி துளைத்த இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்து கூடுகிறது.

எபஸ் என்பது மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்டு பொருத்தப்பட்ட கருவி. மூச்சுக்குழாயை ஒட்டி வீங்கியிருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் அருகிலுள்ள ரத்தக் குழாய்களையும் திரையில் பார்த்தபடியே ஊசி போடலாம். நோய் எது என்பதோடு, அது அந்த முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்பதும் ஒரே முறையில் தெரிந்துவிடும். ஆகவே அம்முடிச்சுகள் வீங்கியிருந்தால், முதலில் எபஸ் செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஓரத்திலுள்ள சிறு கட்டிகளுக்குத்தான் உண்மையான போட்டி. அங்கே கணினி வரைபடத்தைப் பின்தொடர்ந்து மூச்சுக்குழாய் வழியே செல்லும் நேவிகேஷன் பிராங்கோஸ்கோபி வந்திருக்கிறது. 10 முதல் 30 மி.மீ. அளவுள்ள கட்டிகளில் இதையும் நெஞ்சு வழி ஊசியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2025-இல் வெளியானது. துல்லியம் முறையே 79.0, 73.6 விழுக்காடு, காற்றுக் கசிவோ 3.3, 28.3 விழுக்காடு.

மலையில் வாழ்பவருக்கு இந்தக் கசிவுக் கணக்கின் எடை இன்னும் கூடுதல். கோவை ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில். காற்றழுத்தம் குறையக் குறைய நெஞ்சுக்கூட்டில் அடைபட்ட காற்று விரியும். இந்த ஏற்றத்தில் அது ஏறத்தாழ கால் பங்கு பெருகும். விமானத்தின் உள்ளழுத்தமும் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராகவே வைக்கப்படுகிறது. காற்றுக் கசிவு உள்ளவர் விமானம் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கை, பர்லியாறு வழியாக மலையேறுபவருக்கும் அப்படியே பொருந்தும். ஊசி போட்ட அன்றே ஊர் திரும்ப வேண்டாம். கீழே ஓர் இரவு தங்கி, மறுநாள் மார்பு எக்ஸ்ரே பார்த்த பிறகே புறப்படுங்கள். நீங்கள் எந்த ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த வழியில் சென்றாலும், ஊசி தழும்புத் திசுவையே அள்ளி வந்தால் பயனில்லை. எடுத்த துளியை அங்கேயே சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் உடனிருந்தால், போதவில்லை என்றால் அப்போதே மீண்டும் எடுக்கலாம். ஊசிக்குள்ளிருந்தே ஒளியால் படமெடுத்து, நார்த்தழும்பையும் புற்றுத் திசுவையும் பிரித்துக் காட்டும் ஓ.சி.டி. முறை இதே குறைக்கு விடை தேடுகிறது. ஆனால் அது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புற்றுநோய்க்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் போதுமான திசு வேண்டும் என்பதால், பரிசோதனைக் கூடத்தில் எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதில் திசு எஞ்சியிருந்தால் இன்னொரு ஊசிக்காக மலையிறங்க நேராது.