வேபேக் மெஷின்: எழுதியதற்கு ஒரு சாட்சி

ஒரு செய்தி நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், தம் பழைய கட்டுரை தேவைப்பட்டால் ஆவணப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஃப்ரீலான்ஸாக எழுதுபவருக்கு அப்படிக் கேட்பதற்கு ஆளில்லை. அவர் எழுதியவை பத்துத் தளங்களில் சிதறிக் கிடக்கும். அவற்றில் ஒன்றுகூட அவருக்குச் சொந்தமாக இராது. புதிய ஆசிரியர் ஒருவருக்குக் கட்டுரை யோசனை அனுப்பினால், அவர் முதலில் கேட்பது முன்பு எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளின் இணைப்புகளைத்தான். அந்தப் பக்கங்கள் திறக்காவிட்டால், பத்தாண்டு அனுபவம் என்று நாம் சொல்லிக்கொள்வது வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்துவைக்கும், இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினை இந்தத் தேவையை முன்வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

நான் அதைத் தேடிப் போனது, வீடு தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுவதுபோலத்தான். மூன்று ஆண்டுகள் எழுதிவந்த ஒரு செய்தித்தளம் கைமாறியது. புதிய உரிமையாளர் தளத்தைப் புதுப்பித்தபோது, பழைய முகவரிகள் அனைத்தும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. என் கட்டுரைகள் 41-இல் 26 மட்டுமே வேபேக் மெஷினில் கிடைத்தன. பிற தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்த அவசரச் செய்திக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. நான்கு மாதம் அலைந்து எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2017 நவம்பரில் கோதமிஸ்ட், டிஎன்ஏஇன்ஃபோ ஆகிய அமெரிக்கச் செய்தித்தளங்களை அவற்றின் உரிமையாளர் ஒரே நாளில் மூடியபோது, எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அவர் எழுதிய அறிவிப்பே வந்து நின்றது. பழைய கட்டுரைகள் பின்னர்தான் மீட்கப்பட்டன. 2024 ஜூனில் எம்டிவி நியூஸின் பல ஆண்டுச் சேமிப்பு இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் லாப நோக்கற்ற நிறுவனம்; வேபேக் மெஷின் 2001-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் தானியங்கி நிரல்கள் இணையத்தில் உலவியபடி பக்கங்களைப் படியெடுத்து வைக்கின்றன. ஒரு முகவரியைக் கொடுத்தால், எந்தெந்த நாளில் படியெடுக்கப்பட்டது என்பதை நாட்காட்டி வடிவில் காட்டும். ஆனால் நிரல்கள் எந்தப் பக்கத்துக்கு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. என் நெடுங்கட்டுரை விடுபட்டதும் அதனால்தான். ஆகவே, எழுதுபவருக்கு உண்மையில் பயன்படுவது 'சேவ் பேஜ் நவ்' என்ற வசதியே. கட்டுரை வெளியானவுடன் அதன் முகவரியை அந்தப் பெட்டியில் இட்டால், பக்கம் அப்போதைய நிலையிலேயே படியெடுக்கப்பட்டு, தனி முகவரி ஒன்று கிடைக்கும். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், அதிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளையும் சேர்த்தே சேமிக்கலாம். ஒரு கட்டுரைக்கு ஓரிரு நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை.

கிடைக்கும் முகவரிக்குள் ஆண்டு முதல் நொடி வரை 14 இலக்கங்களில் நேரம் பதிந்திருக்கும். இதன் அருமை ஒரு தகராறு வரும்போதுதான் தெரியும். வெளியான பிறகு ஆசிரியர் குழு ஒரு பத்தியை நீக்கிவிட்டு, அதைப் பற்றித் திருத்தக் குறிப்பு எதுவும் போடாமல் விட்டால், வாசகர் கோபம் பைலைனில் (எழுதியவர் பெயர் வரும் வரியில்) பெயர் உள்ளவரைத்தான் தேடி வரும். இரண்டு நாள்களின் படிகளை அருகருகே வைத்து, சேர்த்ததையும் நீக்கியதையும் வண்ணமிட்டுக் காட்டும் ஒப்பீட்டு வசதி அப்போது வழக்கறிஞருக்குச் சமம். (வழக்கறிஞர் கட்டணம் கேட்பார் என்பதே வேறுபாடு.) செய்தி சேகரிப்பிலும் அதே வசதி உதவும்: நிறுவனங்கள் தம் தளத்திலிருந்து ஓசையின்றி எடுத்துவிட்ட வாக்குறுதிகளை நான் பலமுறை அங்கேதான் கண்டெடுத்திருக்கிறேன்.

குறைகளும் சிறியவையல்ல. முதலாவது, தேடல். வேபேக் மெஷினில் பக்கங்களின் உள்ளடக்கத்தைச் சொல் கொடுத்துத் தேட இயலாது. முகவரி தெரிந்திருக்க வேண்டும். பெயரை இட்டால் நம் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். அதனால் வெளியாகும் ஒவ்வொரு கட்டுரையின் முகவரியையும் நாள் வாரியாக ஒரு கோப்பில் குறித்துவைப்பது இந்தச் சேவையின் எழுதப்படாத நிபந்தனை. இரண்டாவதாக, தரவு வரைபடங்கள், ஊடாடும் நிலப்படங்கள், காணொளிகள் போன்றவை பெரும்பாலும் படியில் இயங்குவதில்லை. எழுத்து எஞ்சும், உழைப்பில் பாதி வெற்றுக் கட்டமாக நிற்கும். சந்தாச் சுவருக்குப் பின்னால் உள்ள கட்டுரையைச் சேமித்தால் சில வேளைகளில் முதல் இரண்டு பத்திகளும் சந்தா விளம்பரமுமே பதிவாகும். முழுதும் பதிவானாலும் சிக்கல்தான்: பதிப்புரிமை வெளியீட்டாளரிடம் இருக்கும்போது அந்தப் பொது இணைப்பைப் பரப்புவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அந்தத் தளத்தின் படிகளை ஆர்கைவ் பார்வையிலிருந்து விலக்கிவிடுவதும் உண்டு.

அண்மைக் காலத்தில் இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ஆர்கைவ் வழியாகத் தன் உள்ளடக்கத்தை அள்ளிச் செல்கின்றன என்று காரணம் காட்டி, விவாதத் தளமான ரெட்டிட் 2025 ஆகஸ்ட்டில் வேபேக் மெஷினுக்கு முகப்புப் பக்கம் தவிர மற்றவற்றை அடைத்தது. செய்தித்தளங்களும் இதே வழியில் போனால், முதலில் இழப்பவர் அங்கே எழுதிய வெளியாளாகத்தான் இருப்பார். 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் ஆர்கைவின் சுமார் 3.1 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. தளமும் சில நாள்கள் முடங்கியது. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நேரடியான அறிவிப்பு தேவையில்லை.

நான் இப்போது பின்பற்றும் முறை இது: கட்டுரை வெளியான அன்றே 'சேவ் பேஜ் நவ்'வில் ஒரு படி, என் கணினியில் பிடிஎஃப் ஆக ஒரு படி, தனி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று. பைலைனைத் தேடிக் கட்டுரைகளைத் தாமாகவே திரட்டித் தரும் ஆத்தரி போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. மாதம் பத்து, பதினைந்து கட்டுரை எழுதுபவருக்கு அவை வசதியாக இருக்கலாம். மாதம் மூன்று எழுதுகிற எனக்கு வேபேக் மெஷினும் சிறிது ஒழுங்கும் போதுமானவையாக இருக்கின்றன. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று தேடலுக்காக.

விடுபட்ட அந்த நெடுங்கட்டுரையின் வரைவு என் மடிக்கணினியில் இருக்கிறது. ஆசிரியர் அதில் என்னென்ன மாற்றினார், எந்தத் தலைப்பில் வெளியிட்டார் என்பவை இப்போது எனக்கும் நினைவில்லை.