ஆற்றுக்குச் செய்த பட்டி, எங்கள் கடலில் இரண்டு வருடம்

போன கிழமை யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். "அண்ணை, உங்கட போட்டில சாமான் கட்டுற அந்த நீலப் பட்டி எப்பிடி? விலை குறைச்சிருக்கிறாங்கள். ஒரு டசின் எடுக்கட்டே?"

அவன் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. அன்று காலையில்தான் அதே பட்டியில் இரண்டைச் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் பாதி கோபம், பாதி நன்றி. இரண்டையும் எழுதிவிடுகிறேன், அவனே பார்த்து முடிவெடுக்கட்டும்.

நான் அவுட்போட் இஞ்சின், அதாவது போட்டின் பின்னால் பூட்டுகிற இஞ்சின், திருத்துகிறவன். மாதத்தில் ஒருமுறை 18 அடி பைபர் போட்டில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று நான்கு நாள் சுற்றிவிட்டு வருவேன். கூட ஒரு பெடியன் வருவான். இஞ்சின் கழற்றிப் பூட்டுகிற சாவிப் பெட்டி இரண்டு, பற்றரி, பெற்றோல் கான்கள், 20 லீற்றர் நல்ல தண்ணீர்க் கான் இரண்டு, ரெஜிபோம் பெட்டியில் சாப்பாட்டுச் சாமான், படுக்கை, மாற்று புரொப்பெல்லர். இதெல்லாம் முன்பு நைலோன் கயிற்றில்தான் கிடந்தது. காலையில் விறைப்பாக இருக்கும் கட்டு, இரண்டு தரம் அலை அடித்து நனைந்தால் இளகிவிடும். நைலோன் தண்ணீரைக் குடித்து நீளுகிற சாமான். நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெடியன் மூன்று தரம் எழும்பி முடிச்சை இறுக்க வேண்டும். ஓடுகிற போட்டில் எழும்பி நிற்பதே ஆபத்து.

2023 இல் கனடாவில் இருக்கிற மச்சானிடம் போயிருந்தேன். அவன் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆற்றுப் பைத்தியம். சில்கோ ஆற்றில் இறங்கி, சில்கோற்றின் ஆற்றின் வழியாகப் பிரேசர் ஆற்றுக்கு வருகிற பயணத்துக்கு என்னையும் கூட்டிப் போனான். ஐந்து நாள். எங்கள் ஆட்கள் கித்துல்கலையில் களனி கங்கையில் ரப்பர் படகில் போய்க் கத்திவிட்டு வருவார்களே, அதில் படகில் ஆளைத் தவிர ஒன்றும் இருக்காது. இது அப்படி இல்லை. ஐந்து நாளுக்கான வீடு முழுவதும் படகில் ஏறும். காற்றடைத்த படகின் மேல் அலுமினியக் குழாய்ச் சட்டம். சட்டத்தின் நடுவில் ஐஸ் பெட்டியும் பாத்திரப் பெட்டியும், படகின் தளத்தில் இடிக்காமல், பட்டிகளில் தொங்குகிற மாதிரி. துடுப்புப் போடுகிறவன் அதன் மேலேயே இருப்பான். பின்னால் தண்ணீர் புகாத பைகள், மேலே ஒரு வலை. பாரமானது கீழேயும் நடுவிலும். கைக்கு அடிக்கடி தேவையானது மேலே.

எல்லாம் கட்டி முடிந்த பிறகு மச்சான் ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்து உலுக்குவான். "படகு இப்ப தலைகீழாக் கவிழுது. இது எங்க போகும்?" என்று என்னைக் கேட்பான். போகாது என்றால் அடுத்த பெட்டி. போகும் என்றால் அவிழ்த்து முதலில் இருந்து. கவிழாது என்று நம்பி யாரும் கட்டக்கூடாதாம். கவிழ்ந்து கிடக்கிற படகை மனதில் வைத்துக் கட்ட வேண்டுமாம். பட்டியின் நுனி ஒன்றும் தொங்கக்கூடாது. தண்ணீருக்குள் விழுந்தவனின் காலில் அது சுற்றினால் ஆள் மேலே வரமாட்டான். மிஞ்சுகிற வாலை மடித்து, இறுக்கின பட்டிக்குக் கீழேயே செருகிவிடுவான்.

இன்னொன்றும் அங்கேதான் படித்தேன். கரையில் வெயிலில் விறைப்பாக இருக்கிற படகைக் குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், படகு தொய்யும், அதோடு பட்டிகளும் தொய்யும். அதனால் இறக்கிக் கொஞ்ச நேரத்தில் காற்றும் அடித்து, பட்டியையும் ஒருதரம் இழுக்க வேண்டும். மத்தியானம் கரையில் ஏற்றினால் இதற்கு நேர்மாறு: காற்றைக் கொஞ்சம் திறந்துவிடாவிட்டால் வெயிலில் வீங்கித் தையல் பிரியும்.

திரும்பி வரும்போது பட்டிகளில் 14 ஐ என் பெட்டியில் வைத்து அனுப்பினான். ஓர் அங்குல அகலம், 12 அடி நீளம், ஒரு நுனியில் பல்லுள்ள பக்கிள். பாரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளுக்குள் கீழிருந்து மேலே விட்டு இழுத்தால் பல் கடித்துக்கொள்ளும். அவிழ்க்கப் பெருவிரலால் ஓர் அமுக்கு. முடிச்சு இல்லை. ராச்செட் போட்டு இறுக்குகிற லொறிப் பட்டி அவர்களுக்கு ஆகாது. மண் புகுந்தால் இறுகிப்போகும், அளவுக்கு மிஞ்சி இறுக்கிப் பெட்டியை உடைத்தும்விடும். பட்டியின் நெசவு பொலிபுரொப்பிலீன்; தண்ணீரைக் குடிக்காது, நனைந்தாலும் நீளாது. முதல் பயணத்தில் குறிகட்டுவான் துறையில் இறுக்கினேன், நெடுந்தீவில் இறங்கும்போது அதே இறுக்கம். பெடியன் ஒருதரம்கூட எழும்பவில்லை.

போன வருடம் ஆனியில், நல்ல சோளகக் காற்று. எழுவைதீவுக் கரைக்குக் கிட்ட வைத்துப் பக்கவாட்டில் வந்த ஓர் அலை போட்டைப் புரட்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போட் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஊர் ஆட்கள் நான்கு பேர் ஓடிவந்து எங்களோடு சேர்ந்து நிமிர்த்தினார்கள். நிமிர்த்திப் பார்த்தால் பெட்டிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. பெற்றோல் கானும் தண்ணீர்க் கானும் அப்படியே. படுக்கை மட்டும்தான் நனைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவிப் பெட்டி இருந்தபடியால் அங்கேயே இஞ்சினைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளி, நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெய் விட்டுப் பின்னேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். உப்புத் தண்ணீர் குடித்த இஞ்சினை ஓர் இரவு அப்படியே விட்டிருந்தால் அதன் கதை முடிந்திருக்கும். அந்த ஒரு நாளுக்காக அந்தப் பட்டிக்கு நான் கடமைப்பட்டவன்.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

அந்த பக்கிள். அதன் உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு. உள்ளே குறுக்காக ஓடுகிற ஊசியும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காத உருக்கு. இதை முதல் நாளே கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இது என் தொழில். அவுட்போட் இஞ்சினின் காலில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டுகிறோம். உப்புத் தண்ணீரில் இரண்டு வகை உலோகம் தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒன்று கரையும். கரைவது துத்தநாகமாக இருக்கட்டும், இஞ்சின் தப்பட்டும் என்றுதான் அந்தக் கட்டி. கரையக் கரைய மாற்றுவோம். இந்த பக்கிளில் அந்தக் கட்டியின் வேலையைச் செய்கிறது பக்கிளின் உடம்பே. ஸ்பிரிங் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. அதைத் தாங்குகிற துளையைச் சுற்றி வெள்ளை மா பூத்து, உடம்பு பொரிந்து, ஊசி ஆடத் தொடங்கி, பல் சரிந்து நிற்கிறது. பல் சரிந்தால் பட்டி ஒரு பக்கம் கடிபட்டு மறுபக்கம் நழுவும். நழுவுகிற பட்டி நைலோன் கயிற்றைவிட மோசம். கயிறு இளகினால் கண்ணுக்குத் தெரியும். இது இறுகி இருக்கிற மாதிரியே இருந்து ஏமாற்றும்.

ஆற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே படகில் அடிக்கிற ஒவ்வொரு அலையும் நல்ல தண்ணீர். பக்கிளை ஆறே கழுவிவிடுகிறது. மச்சானின் பட்டிகள் பத்து வருடப் பழசு, வெயிலில் நிறம் போயிருந்தன, பக்கிள் புதுசு போல இருந்தது. எங்கள் கடலில் ஒவ்வொரு அலையும் உப்பு. காய்ந்தால் பல்லுக்கு நடுவில் உப்புக் கல் இருக்கிறது, பெருவிரலால் அமுக்கினால் நறநறவென்கிறது. இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒவ்வொரு பக்கிளுக்கும் ஒரு பேணி நல்ல தண்ணீர்.

கணக்குப் பாருங்கள். 14 பக்கிள், பேணிக்கு 300 மில்லிலீற்றர் என்றால் ஒரு பின்னேரத்துக்கு நான்கு லீற்றருக்கு மேல். மூன்று இரவுக்குப் பன்னிரண்டரை லீற்றர். நான் கொண்டுபோவதே நாற்பது. அதில்தான் இரண்டு பேர் குடிக்க வேண்டும், சோறு வைக்க வேண்டும், வருகிற இஞ்சினையும் கழுவ வேண்டும். தீவில் கிணறு இருக்கிறது, ஆனால் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்க் கிணறு இல்லை.

நெடுந்தீவில் வழக்கமாக ஒரு அம்மா வீட்டில்தான் தங்குவோம். முதல் வருடம் ஒரு பின்னேரம் அவர் வீட்டு முற்றத்தில் பட்டிகளை வேலியில் தொங்கவிட்டு, கானில் இருந்து பேணியில் ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். "தம்பி, குடிக்கிற தண்ணியையே இரும்புக்கு ஊத்துறாய்?" என்றார். ஏச்சு இல்லை, கேள்விதான். எனக்குப் பதில் வரவில்லை. அவர் போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து பட்டிகளுக்குக் கீழே வைத்தார். பக்கிளில் பட்டு வடிந்த தண்ணீர் அதில் சேர்ந்தது. லேசான உப்புக் கரிப்போடு இருந்த அந்தத் தண்ணீரில் என் கையையும் காலையும் கழுவச் சொன்னார். அந்த நாளில் இருந்து நான் ஊற்றிக் கழுவுவதில்லை. ஒரு சட்டியில் ஒன்றரை லீற்றர் விட்டு, பக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்த்தி, பெருவிரலால் பல்லைத் திறந்து திறந்து ஆட்டி எடுக்கிறேன். கடைசி நான்கு பக்கிளுக்கு உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது. அடிவாங்கினதும் அந்த நான்கில் இரண்டுதான்.

நியாயமாகப் பேசினால், நானே என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். "கரைக்கு வந்தா இஞ்சினுக்கு நல்ல தண்ணி ஓட்டுங்கோ" என்று சொல்லாத நாள் இல்லை. ஓட்டாமல் விட்டுவிட்டு இஞ்சின் சரியில்லை என்று வருகிறவர்களோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆற்றுக்கென்று செய்த சாமானைக் கடலில் போட்டது நான். அதைச் செய்தவன் எங்கேயும் கடலுக்கு நல்லது என்று சொல்லவில்லை. அது தெரிந்தும் கோபம் வருகிறது. ஓர் ஊசியையும் வார்ப்பையும் ஒரே உலோகத்தில் செய்ய எவ்வளவு செலவாகிவிடும்? முழுதும் துருப்பிடிக்காத உருக்கில் பக்கிள் வருகிறது என்று மச்சான் சொன்னான். அப்படியானால் முதலில் அதை அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்.

மற்றக் குறைகள் சின்னது. பன்னிரண்டு அடி எனக்கு அதிகம், ஆறடியும் ஒன்பதடியும் கலந்து வைத்திருந்தால் வால் மடிக்கிற வேலை பாதியாகும். செருகாமல் விட்ட வால் ஒன்று அனலைதீவுக்கு வெளியே வைத்துப் புரொப்பெல்லரில் சுற்றினது, அது என் பிழை. காற்றில் பட்டி ரீங்காரம் போட்டால் ஒருதரம் முறுக்கிவிட்டுக் கட்டினால் நின்றுவிடும். வெயிலுக்கு ஓரம் நார் விடத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு வருடம் போகும்.

சப்பாத்துத் தைக்கிறவர் நேற்றுப் பட்டியைத் தந்தார். கரைந்த பக்கிளை வெட்டி எடுத்துவிட்டு, கடையில் கிடந்த துருப்பிடிக்காத உருக்கு வளையம் இரண்டைப் போட்டு, தூண்டில் நூலால் பெட்டி மாதிரிக் கட்டம் போட்டு நடுவில் குறுக்குத் தையலும் போட்டிருக்கிறார். இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு ஒன்றின் வழியாகத் திருப்பி இழுக்க வேண்டும், பழைய அரைப்பட்டி போல. பல் கடிக்கிற அந்தச் சுகம் இல்லை. ஆனால் கரைய அதில் ஒன்றும் இல்லை. சாவிப் பெட்டியில் கட்டி இரண்டு பேர் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை.

ஆகத் தம்பிக்கு என் பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. கித்துல்கலைக்குப் போகிறாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு, அதைவிட நல்ல சாமான் கிடையாது. நீ கட்டப்போவது உன் அப்பாவின் போட்டில், போகப்போவது கச்சான் காற்று அடிக்கிற நாளிலும் நெடுந்தீவுக்கு. உன்னிடம் பக்கிளுக்கு ஊற்றத் தண்ணீர் இருக்காது. மார்கழியில் மச்சான் வருகிறான். எனக்கு இன்னும் ஆறு கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன், உருக்கு பக்கிளாகப் பார்த்து. எழுவைதீவுக் கரையில் அந்தப் பெட்டியைப் பார்த்தவன் நான், எனக்கு இனி வேறொன்றில் கட்ட மனம் வராது. நீ என்னைப் பார்த்து எடுக்காதே.

பொலிபுரொப்பிலீன் கயிறு எட்டு மில்லிமீற்றரில் 30 மீற்றர் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா. லொறிக்காரர் பாரம் இறுக்கப் போடுகிற அந்த இழுவை முடிச்சைக் காட்டித் தருகிறேன். உன் சாவிப் பெட்டியையும் கொண்டு வா, கட்டின பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார்ப்போம்.